கடைசி ஹோம் மேட்ச்: திருவனந்தபுரத்தில் ஒரு பேங்க் டீமின் கதை

கால்பந்தில் ஹோம் மேட்ச் என்று ஒன்று உண்டு. சொந்த ஊரில், சொந்த ஜனத்துக்கு முன்னால் ஆடுவது. அதிலும் சீசனின் கடைசி ஹோம் மேட்ச் என்றால் அதற்குத் தனி மரியாதை. இங்கிலாந்து லீக் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மே மாதம் அந்த ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். ஓய்வு பெறுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேலரியில் இருக்கிறவர்களும் துடைத்துக்கொள்வார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பது அன்றைக்கு இரண்டாம் பட்சம். "இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று ஊரும் டீமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நாள் அது.

நான் இன்று எழுத வந்தது, அப்படி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமலே போய்விட்ட ஒரு டீமைப் பற்றி. ஊர் திருவனந்தபுரம். டீம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர். எங்கள் பக்கத்தில் யாரும் முழுப்பெயர் சொல்ல மாட்டார்கள். எஸ்.பி.டி., அவ்வளவுதான்.

நான் காமர்ஸ் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுகிறவன், இப்போது பஹ்ரைனில். விளையாட்டு வரலாறு எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஆனால் இந்த டீம் ஒரு பேங்க் டீம். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவன் எழுதினால் சில விஷயம் வேறு மாதிரி தெரியலாம் என்று ஒரு துணிச்சல்.

முதலில், தமிழனுக்கு திருவனந்தபுரம் டீமோடு என்ன சம்பந்தம்? எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம், விளவங்கோடு தாலுகா. 1956 அக்டோபர் 31 வரை எங்கள் தலைநகரம் திருவனந்தபுரம்தான். அடுத்த நாள், நவம்பர் 1, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி, சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. அதற்கு முன்னால் நடந்த போராட்டம் பெரிய கதை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம், சந்தோஷம். ஆனால் எல்லைக்கோடு மாறியதால் மட்டும் பஸ் ரூட் மாறிவிடுமா? ஆஸ்பத்திரிக்கு, துணி எடுக்க, வியாபாரத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் ஜனம் திருவனந்தபுரத்துக்குத்தான் போனது. சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில். திருவனந்தபுரத்துக்குக் குழித்துறையில் பாசஞ்சர் ஏறினால் ஒரு தூக்கம்கூட முழுசாய்ப் போட முடியாது.

என் சித்தப்பா சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். சாலை என்றால் ரோடு இல்லை. திருவனந்தபுரத்தின் பழைய சந்தை, நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற இடம். அவருக்கு இரண்டே பைத்தியம். ஒன்று கடை, இன்னொன்று பந்து. காலேஜ் லீவில் கடைக்கு ஒத்தாசை செய்யப் போவேன். மேட்ச் உள்ள நாளில் சாயங்காலம் கல்லாவைப் பூட்டிவிட்டு, "வா டே, பந்து பாக்கப் போலாம்" என்பார். எம்.ஜி. ரோடு வழியாக நடை. செக்ரடேரியட்டைத் தாண்டி, பாளையத்தில் மசூதியும் மாதா கோயிலும் பிள்ளையார் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இடம் வந்தால், சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் கிட்டத்தில்தான். கேரளாவின் முதல் போலீஸ் ஐ.ஜி.யின் பெயர் அது. மைதானமும் போலீசுக்குச் சொந்தமானது.

போலீஸ் மைதானம், பேங்க் டீம். இந்த இரண்டு சொல்லிலேயே கேரளக் கால்பந்தின் பாதிக் கதை இருக்கிறது.

ஐரோப்பாவில் கிளப் என்றால் ஊர்ப் பெயர். கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அப்படித்தான், ஊரும் உணர்வும். கேரளாவில், குறிப்பாகத் தெற்கே, டீம் என்றால் ஆபீஸ். கேரளா போலீஸ், மின்சார வாரியம், ஏஜீஸ் ஆபீஸ், கொச்சுவேளி டைட்டானியம் ஃபேக்டரி, களமசேரி பிரீமியர் டயர்ஸ், ஆலுவா ஃபாக்ட் உர ஆலை, எஸ்.பி.டி. இவற்றுக்கு 'டிபார்ட்மென்ட் டீம்' என்று பெயர். 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து கேரளா முதல்முறையாக சந்தோஷ் டிராபி வாங்கியது. மூன்று கோலும் அடித்தவர் கேப்டன் மணி. அவர் ஃபாக்ட்காரர். அதே டீமில் இருந்த நஜிமுதீன் டைட்டானியம்காரர். அன்றைக்கு மாநிலமே கொண்டாடிய டீம், கணக்குப் பார்த்தால் பல ஆபீஸ்களின் மஸ்டர் ரோலிலிருந்து எடுத்த ஆட்கள்தான்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நன்றாக ஆடுகிற பையனை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிளார்க்காக எடுப்பார்கள். ஒப்பந்த வேலை இல்லை, நிரந்தர வேலை. பி.எஃப்., மெடிக்கல், எல்.டி.சி. எல்லாம் உண்டு. காலையில் பிராக்டிஸ், பிறகு பிராஞ்ச். டோர்னமென்ட் வந்தால் ஆன் டியூட்டி. முட்டி போனதும், வயசானதும் முழுநேர கிளார்க். பரீட்சை எழுதி ஆபீசராகலாம். அறுபது வயசில் ரிட்டயர்மென்ட். ஆடுகிற காலம் பத்து வருஷம் என்றால், சம்பளம் வருகிற காலம் முப்பத்தைந்து வருஷம்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மேட்சுக்குப் போய்விட்டு, மறுநாள் காலை சித்தப்பாவோடு செக் மாற்றப் போனேன். பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். கவுண்டருக்கு உள்ளே முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய ஒருவர் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா என் காதில், "அவனாக்கும் டே இது, நேத்து பேக் ஆடினவன்" என்றார். பிறகு கவுண்டரைப் பார்த்து மலையாளத்தில், "நேற்று இரண்டாவது கோலை நீங்கள் தடுத்திருக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் எண்ணுவதை நிறுத்தாமல், நிமிர்ந்து பார்க்காமல், "சேட்டா, கோலி முன்னால் வந்துவிட்டார், நான் என்ன செய்ய" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரவர் கருத்தைச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் வேலை நடக்கவில்லை. இன்றைக்கு என் பிராஞ்சில் அப்படி நடந்தால் மெமோ கொடுப்பேன் :-)

எஸ்.பி.டி. ரசிகர் சங்கம் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் அக்கவுண்ட் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அந்த டீம் கொஞ்சம் சொந்தம்.

அந்த பேங்கின் பூர்வீகமும் திருவிதாங்கூர்தான். 1945ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவாங்கூர் பேங்க் லிமிடெட் என்று தொடங்கியது. 1959ல் வந்த துணை வங்கிகள் சட்டத்தின்படி, 1960 முதல் ஸ்டேட் பேங்கின் துணை வங்கியாகி எஸ்.பி.டி. என்று பெயர் மாறியது. அதே 1960ல் பாலை சென்ட்ரல் பேங்க் திவாலாகி கேரளாவே கலங்கியது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி சின்னச் சின்ன பேங்குகளைப் பெரியவற்றோடு சேர்க்க ஆரம்பித்தது. திருவாங்கூர் ஃபார்வர்ட் பேங்க், கோட்டயம் ஓரியண்ட் பேங்க், பேங்க் ஆஃப் நியூ இந்தியா மூன்றும் 1961ல் எஸ்.பி.டி.க்குள் வந்தன. அதாவது, பல பேங்குகளை விழுங்கி வளர்ந்த பேங்க் இது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1996ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் எஸ்.பி.டி. அதில் ஆடியது. நினைத்துப் பாருங்கள். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் கோவாவின் பணக்கார கிளப்புகளும் வெளிநாட்டு வீரர்களை வைத்துக்கொண்டு ஆடுகிற லீக்கில், பூஜப்புரையில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு பேங்கின் கிளார்க்குகள் எதிரே நின்றார்கள். ரொம்ப ஜெயிக்கவில்லை, உண்மைதான். ஆனால் நின்றார்கள். அந்த லீக் 2007ல் ஐ-லீக் என்று மாறியபோது அதில் எஸ்.பி.டி. இல்லை. அதற்கு முன்பே மேல் வரிசையிலிருந்து இறங்கியாகிவிட்டது. அப்படியானால் தேசிய லீக்கில் அவர்களின் கடைசி ஹோம் மேட்ச் என்று ஒன்று நடந்திருக்கும் அல்லவா? மாலை, பொன்னாடை, மைதானத்தைச் சுற்றி ஒரு நடை, எதுவும் இருந்ததாகச் சித்தப்பாவுக்கு நினைவே இல்லை. மறுநாள் ஒன்பதரைக்கு அவர்கள் பிராஞ்சில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வேலை தொடர்ந்ததால் பிரிவுக்கு அவசியம் இல்லாமல் போனது.

இப்போது கடற்கரைக்கு வருவோம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் பொழியூர். அதை ஒட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம், நம் நீரோடி. அங்கிருந்து இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாக மீனவ ஊர்கள். 1956ல் ராஜ்யம் பிரிந்தது, திருச்சபை பிரியவில்லை. தூத்தூர் மறைவட்டம் இன்றைக்கும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கிறது. பெண் கொடுப்பது, எடுப்பது, பெருநாள், பந்து எல்லாம் கோட்டைத் தாண்டித்தான். மணலில் வெறுங்காலில் ஆடிப் பழகிய பையன்கள். பொழியூரைக் கேரளாவில் 'சந்தோஷ் டிராபி ஊர்' என்று சொல்கிற அளவுக்கு அங்கிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். நம் பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று ஆடி, இந்தியச் சட்டையும் போட்டவர்.

இந்தக் கடற்கரைக்கு ஒரு பேங்க் வேலை என்றால் என்ன என்று நகரத்தில் இருக்கிறவர்களுக்குப் புரிவது கஷ்டம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போன இந்த ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த ஊர்களில் ஒரு பையன் பந்து ஆடி எஸ்.பி.டி.யிலோ போலீசிலோ மின்சார வாரியத்திலோ வேலை வாங்கினால், அந்த வீட்டில் ஒருத்தர் கடலுக்குப் போக வேண்டியதில்லை என்று அர்த்தம். கோப்பை எல்லாம் அப்புறம்தான். பையன் சாயங்காலம் பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஊர்களில் ஏன் யாரும் தடுப்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

சரி, டிபார்ட்மென்ட் டீம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதீர்கள். இரண்டு பேரைப் பார்ப்போம். ஐ.எம். விஜயன், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். கேரளா போலீஸ் அவரை எடுத்தது. நடுவில் மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின் என்று எங்கெங்கோ ஆடினார். கடைசியில் போலீஸ் வேலைக்கே திரும்பி, 2025 ஏப்ரலில் சீருடையோடு ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீ. இன்னொருவர் வி.பி. சத்யன். 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளா போலீஸ் டீமின் தூண். இந்திய கேப்டன். 1992ல் நம்ம கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று தோற்கடித்து கேரளா சந்தோஷ் டிராபி வாங்கியபோது கேப்டன் அவர்தான். பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி டீமில் சேர்ந்தார், அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் பாதையில் அவர் உயிர் போனது. 41 வயசு. 2018ல் 'கேப்டன்' என்று மலையாளத்தில் அவரைப் பற்றிப் படம் வந்தது. வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. இருந்தும் ஆட்டம் முடிந்த பிறகான வாழ்க்கை அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. மாதச் சம்பளம் அடுப்பெரிக்கும், மனசுக்குள் என்ன நடக்கிறது என்று அது கேட்காது.

மறுபக்கம், தொழில்முறை கிளப்புகளின் கதை. 1997ல் கேரளாவின் முதல் தொழில்முறை கிளப்பாக எஃப்.சி. கொச்சின் வந்தது. வந்த வருஷமே மோகன் பகானைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பை. 2002ல் பணம் இல்லாமல் இழுத்து மூடினார்கள். அடுத்து விவா கேரளா, 2004ல் தொடக்கம், பின்னால் சிராக் யுனைடெட் கேரளா என்று பெயர் மாற்றம், 2012ல் மூடுவிழா. வெளியிலும் இதே கதைதான். மஹிந்திரா யுனைடெட் 2010ல் போனது, பஞ்சாபின் ஜே.சி.டி. 2011ல் போனது. இன்னொரு பக்கம், ஆசியக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகள் வந்தன. தனி கம்பெனியாகப் பதிவு, இளையோர் அணி, தணிக்கை செய்த கணக்கு என்று பட்டியல் நீண்டது. அதைக் கட்ட முடியாத ஆபீஸ் டீம்களுக்கு மேல் வரிசைக் கதவு சாத்தப்பட்டது. 2013ல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஐ-லீக்கிலிருந்து வெளியே அனுப்பப்பட்டன. விதி நல்ல விதிதான். கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொன்னால் நான் எப்படி மறுப்பேன்? ஆனால் கதவுக்கு வெளியே நின்றவர்கள்தான் மாதாமாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தவர்கள் என்பதும் அதே கணக்கில் வரவு வைக்க வேண்டிய விஷயம்.

எஸ்.பி.டி. தேசிய லீக்கில் இல்லாவிட்டாலும் ஊரில் ஆடிக்கொண்டேதான் இருந்தது. 2013ல் தொடங்கிய கேரளா பிரீமியர் லீக்கில் பட்டமும் வாங்கியது. பிறகு வந்தது 2017.

துணை வங்கிகள் எல்லாவற்றையும் ஸ்டேட் பேங்கோடு இணைக்க முடிவானது. கேரள சட்டமன்றம் 2016லேயே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஊழியர் சங்கங்கள் போராடின. ஒன்றும் நடக்கவில்லை. 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.டி.யோடு சேர்த்து பிகானிர்-ஜெய்ப்பூர், ஹைதராபாத், மைசூர், பாட்டியாலா என்று ஐந்து துணை வங்கிகளும், பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் பேங்கில் கரைந்தன. பத்து எஸ்.பி.டி. ஷேர் வைத்திருந்தவர்களுக்கு 22 ஸ்டேட் பேங்க் ஷேர். பல பேங்குகளை விழுங்கி வளர்ந்தது என்று சொன்னேனே, அதை அதைவிடப் பெரியது விழுங்கியது. எங்கள் தொழிலில் இது புதிதல்ல.

இணைப்பு ஆவணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொத்துகள், பொறுப்புகள், கிளைகள், வழக்குகள், ஊழியர்கள் எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வரிவரியாக மாறும். வீரர்கள் ஊழியர்கள், ஆகையால் அவர்களும் மாறினார்கள். வேலை பத்திரம். சட்டையில் இருந்த பெயருக்கு மட்டும் எந்தக் கலமும் கிடையாது. பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து, விற்கும்போதுதான் மதிப்புத் தெரியும் என்று வாத்தியார் சொல்வார். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு வியாபாரி, கவுண்டர் கிளார்க்கிடம் நேற்றைய கோலைப் பற்றிச் சண்டை போட்ட உரிமை இருக்கிறதே, அதை எந்த ஆடிட்டரும் மதிப்புப் போட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2018 ஏப்ரல் 1. கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். சந்தோஷ் டிராபி ஃபைனலில், பெங்காலை அதன் வீட்டிலேயே சந்தித்தது கேரளா. கூடுதல் நேரம் முடிந்தும் 2-2. பெனால்டியில் 4-2 என்று கேரளா ஜெயித்தது. 14 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. கேப்டன் ராகுல் வி. ராஜ், ஸ்டேட் பேங்க் ஊழியர். பெனால்டி இரண்டைத் தடுத்த கோல்கீப்பர் மிதுன், அவரும் பேங்க்காரர், எஸ்.பி.டி. சட்டையில் ஆடியவர். அந்த டீமில் ஒரு பொழியூர்ப் பையனும் உண்டு. பெயர்ப்பலகை கழற்றிய முதலாம் ஆண்டு நினைவு நாளில் கோப்பை! யாரும் திட்டமிட்டது இல்லை, தேதி அப்படி அமைந்துவிட்டது. அதோடு முடியவில்லை. 2022 மே 2 அன்று மஞ்சேரியில் மறுபடியும் பெங்கால், மறுபடியும் பெனால்டி, 5-4. கேரளாவுக்கு ஏழாவது கோப்பை. கேப்டனும் தொடரின் சிறந்த வீரரும் ஜிஜோ ஜோசப். அவரும் ஸ்டேட் பேங்க் ஊழியர்.

இப்போது புதுக் கதைக்கு வருவோம். 2024ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. ஆறு டீம். திருவனந்தபுரத்துக்கு 'கொம்பன்ஸ்'. கொம்பன் என்றால் நமக்குத் தெரியாதா என்ன, கொம்புள்ள ஆண் யானை. சசி தரூர் புரவலர், பிரேசில் பயிற்சியாளர், பிரேசில் வீரர்கள். அந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போன சமயம், லீக் சுற்றில் கொம்பன்ஸின் கடைசி ஹோம் மேட்ச். மைதானம் அதே சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். பையனையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். (தங்கமணி கல்யாணப் புடவை வேலையாகக் கிழக்கேகோட்டையில் இறங்கிக்கொண்டார். அந்தச் செலவுக்கணக்கு தனி.)

ஸ்கோர் எழுதப் போவதில்லை, தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஃப்ளட் லைட், மேளம், பாட்டு, பெண்கள் கூட்டம், சின்னப் பிள்ளைகள் முகத்தில் சாயம். எஸ்.பி.டி. காலத்தில் இந்த மைதானத்தில் நான் பார்க்காத காட்சி இது. சித்தப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முதல் பாதி முழுக்க ஒன்றும் பேசவில்லை. இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "இவனுவளுக்கு வேலை எங்க மக்களே?"

அவர் கேட்டது பொசிஷனைப் பற்றி இல்லை. எந்த ஆபீசில் வேலை என்று கேட்டார். இதுதான் சித்தப்பா வேலை, சம்பளம் கிளப் தரும் என்றேன். "எத்தனை மாசம்?" என்றார். லீக் செப்டம்பர் 7ல் தொடங்கி நவம்பர் 10ல் முடிகிறது என்று பையன் போனில் பார்த்துச் சொன்னான். "அப்போ மிச்சம் பத்து மாசம்?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆட்டம் முடிந்து வீரர்கள் கேலரிப் பக்கம் வந்து கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். பையனுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த சீசனில் கொம்பன்ஸ் அரையிறுதி வரை போய் காலிகட்டிடம் தோற்றது. காலிகட்தான் கோப்பையும் வாங்கியது. டிவியில் மட்டுமே பார்த்த ஒன்று நம் ஊர்ப் பக்கத்திலும் நடக்கும் என்று என் மகன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். சித்தப்பா கண்ணுக்கு மட்டும், எத்தனை பேர் அடுத்த வருஷம் இதே சட்டையில் வருவார்கள் என்பதுதான் தெரிந்தது. இரண்டு பேர் பார்த்ததும் ஒரே ஆட்டம்தான்.

சித்தப்பாவின் கேள்வி எவ்வளவு கனமானது என்று அடுத்த வருஷமே தெரிந்தது. 2025 ஜூலையில், வணிக உரிமைகளுக்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், நாட்டின் மேல் வரிசையான ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. நம்ம சென்னையின் எஃப்.சி. நடவடிக்கைகளையே நிறுத்தி வைத்தது. கோடிகளில் ஏலம், மின்விளக்கு, நட்சத்திர முதலாளிகள், எல்லாம் ஒரு கையெழுத்து இல்லாமல் நின்றது. அதே ஆகஸ்டில் ஸ்டேட் பேங்கில் வேலை பார்க்கும் கால்பந்து வீரருக்கு மாசக் கடைசியில் சம்பளம் வந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு வெறும் வரலாறு என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். என் மகனுக்கு இப்போது பதினாறு. இங்கே மனாமாவில் ஒரு அகாடமியில் ஆடுகிறான், சுமாராக இல்லை, நன்றாகவே ஆடுகிறான். பிளஸ் டூ முடித்ததும் இந்தியா போய்க் கால்பந்து ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற எத்தனையோ வீடுகளில் இந்த மாதிரி ஒரு கேள்வி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும். பந்து இல்லாவிட்டால் பாட்டு, சினிமா, செஸ்.

நாம் ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் நாள் கடத்துவோம். காரணம் இருக்கிறது. நம்மில் பலர் இந்தியாவில் நிரந்தர வேலை என்ற ஒன்றின் தோளில் ஏறி வந்தவர்கள். அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு பேங்க், ஒரு ரயில்வே, ஒரு வாத்தியார் வேலை இருந்தது. அந்த ஒரு சம்பளத்தில் தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, நமக்கு டிக்கெட் எல்லாம் நடந்தது. இப்போது நாமோ இரண்டு வருஷ விசாவிலும் ஒப்பந்தத்திலும் இருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் நான்தான் கொம்பன்ஸ் வீரர் மாதிரி. கவுண்டரில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நோட்டு எண்ணினாரே, அவர் என்னைவிட நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மகனிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். சீசன் இல்லாத மாசங்களில் சம்பளம் யார் தருவார்கள்? முட்டி போனால் மருத்துவச் செலவு யாருடையது? ஆட்டம் நின்ற மறுநாள் காலை நீ எங்கே போய்க் கையெழுத்துப் போடுவாய்? எஸ்.பி.டி. இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் வைத்திருந்தது. புது கிளப்புகளும் ஒரு நாள் பதில் வைக்கலாம், அவற்றுக்கு இன்னும் வயசு இருக்கிறது.

பையன் அதைப் படித்துவிட்டு நாலாவது கேள்வியாகத் தன் கையாலேயே எழுதித் திருப்பித் தந்தான்: "ஆடாமலே இருந்தால் இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடுமா?"

பற்றும் வரவும் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் டேலி ஆகவில்லை.